ரோடு அகலமாச்சு... மூச்சு குறுகிப் போச்சு!

காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் நூறு வண்டி, பின்னால் நூறு வண்டி. ஏ.சி. ஓடுகிறது, கார்தான் ஓடவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ''இந்த ரோட்டை இன்னும் ரெண்டு மடங்கு அகலமாக்கினாத்தான் உருப்படும்!''

நீங்களும் தலையாட்டுவீர்கள். நியாயமான பேச்சுதானே?

அதை அப்படியே செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ். சிக்னல் கிடையாது, குறுக்குத் தெரு கிடையாது, ஏறினால் பறக்க வேண்டியதுதான் என்று 1940-ல் பாசடேனாவுக்கு ஒரு சாலை போட்டார்கள். பிறகு ஊர் முழுக்க 'ஃப்ரீவே'க்கள். அவற்றில் 405-ஆம் எண் சாலை ரொம்பப் பிரசித்தம். செபுல்வேடா கணவாய் வழியாகப் போகும் அந்தச் சாலையில் கூடுதலாக ஒரு தடம் போட, சுமார் 16 கிலோமீட்டருக்கு வேலை நடந்தது. ஐந்து வருஷம். 100 கோடி டாலருக்கும் மேல் செலவு. 2014-ல் திறந்தார்கள்.

நெரிசல் தீர்ந்ததா? தீரவில்லை. சாயங்காலம் ஆனால் பழையபடி ஊர்வலம்தான்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வீட்டில் துணி வைக்க இடமில்லை என்று இன்னொரு பீரோ வாங்குகிறோம். ஆறே மாதத்தில் அதுவும் பிதுங்குகிறது, இல்லையா? புது ரோடும் அப்படித்தான். கூட்டத்துக்குப் பயந்து வெளியே வராதவர்கள் வருவார்கள். பஸ்ஸில் போனவர் கார் எடுப்பார். 'ரோடுதான் நல்லா இருக்கே' என்று தள்ளிப் போய் வீடு வாங்குவார்கள். டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2011-ல் சொன்னது இதுதான்: நெடுஞ்சாலை எத்தனை சதவிகிதம் கூடுகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது.

'நேரம்தானே போகுது, போனாப் போகட்டும்' என்கிறீர்களா? உடம்புக்கு வருவோம்.

தெற்கு கலிஃபோர்னியாவில் 3,677 பிள்ளைகளை 10 வயதிலிருந்து 18 வயது வரை கவனித்தார்கள். 'ஒரே மூச்சில் ஊது' என்று சொல்லி, ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று வருஷா வருஷம் அளந்தார்கள். 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த முடிவு தாய்மார்களுக்குத் திக்கென்றிருக்கும். ஃப்ரீவேயிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களைவிடக் குறைவு! ஆஸ்துமா இல்லாத, சிகரெட்டைத் தொடாத பிள்ளைகளிடமும் இதே கதை. ஊர்க் காற்று மொத்தத்தில் சுத்தமாக இருந்தாலும் ஃப்ரீவே ஓரத்து வீட்டுக்குத் தப்பிக்க வழியில்லை.

பதினெட்டு வயதுக்குள் நுரையீரல் பெரும்பாலும் வளர்ந்து முடித்துவிடும். விட்டதைப் பின்னால் பிடிப்பது கஷ்டம். 2003-லேயே கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. ஃப்ரீவேக்கு 500 அடிக்குள் புதிதாக அரசுப் பள்ளி கட்டக் கூடாது (சில விதிவிலக்குகள் உண்டு). பள்ளிக்கூடத்தைத் தள்ளி வைத்தார்கள், சரி. அங்கேயே இருக்கிற வீடுகளை எங்கே தள்ளி வைப்பது?

''எலெக்ட்ரிக் கார்தான் வந்தாச்சே!'' புகை போகும், வாஸ்தவம். டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கிற தூசி போகாதே!

சரி, பஸ், ரயில் விட்டால் ரோடு காலியாகிவிடுமா? ஆகாது. அந்த இரண்டு நிபுணர்களே அதையும் சொல்லியிருக்கிறார்கள். இடம் காலியானால் வேறு யாராவது கார் எடுத்து வந்துவிடுவார்கள். அப்படியானால் பஸ்ஸுக்கு எதற்குச் செலவு என்று கேட்கத் தோன்றும். அதற்கும் லாஸ் ஏஞ்சலிஸிலேயே பதில் இருக்கிறது. 2003-ல் அங்கே பஸ், ரயில் ஊழியர்கள் 35 நாள் ஸ்டிரைக். மொத்தப் பயணத்தில் கொஞ்சம் பேர்தானே பஸ்ஸில் போகிறார்கள், என்ன ஆகிவிடும் என்று பார்த்தால், ஃப்ரீவேக்களில் தாமதம் 47 சதவிகிதம் எகிறியது! அந்தக் கொஞ்சம் பேர் போவது மிகவும் நெருக்கடியான தடங்களில், நெருக்கடியான நேரத்தில். அவர்கள் காருக்கு மாறினால் கார்காரர்களுக்குத்தான் ஆபத்து.

இன்னொரு லாபமும் உண்டு. பஸ்ஸோ ரயிலோ வாசலுக்கு வராது, நாம்தான் நடக்கணும். 2005-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பஸ், ரயிலில் போகிறவர்களில் பாதிப் பேர் ஸ்டாப்புக்குப் போகவும் வரவுமே தினம் 19 நிமிடம் அல்லது அதற்கு மேல் நடந்தார்கள். நூற்றில் 29 பேருக்கு இதிலேயே அரை மணி நேர நடை முடிந்துவிட்டது. டாக்டர் கெஞ்சிக் கேட்கிற அதே அரை மணி! காலையில் ஷூ மாட்டிக்கொண்டு பார்க்குக்குப் போக நேரமில்லை என்பவர்கள் கவனிக்க.

ரோடு போடுவது நம் கையில் இல்லைதான். ஆனால் வீடு மெயின் ரோட்டைப் பார்த்து இருந்தால், நெரிசல் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடந்தோ சைக்கிளிலோ போனால், ரெண்டு நிமிஷம் கூடினாலும் உள்தெரு வழியே அனுப்புங்கள். வீடு பார்க்கும்போது 'மெயின் ரோட்டு மேலேயே' என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பஸ் ஸ்டாப் பக்கம் என்றால் சந்தோஷப்படுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு காலத்தில் 1,600 கிலோமீட்டருக்குக் குறையாமல் மின்சார ரயில் தண்டவாளம் இருந்தது. கார் வந்ததும் ஒவ்வொன்றாக மூடினார்கள். லாங் பீச்சுக்குப் போன கடைசி ரயில் 1961-ல் நின்றது. 1990-ல் கிட்டத்தட்ட அதே தடத்தில் மறுபடி கோடிக்கணக்கில் செலவழித்து ரயில் விட்டார்கள்! 2016-ல் ஊர் மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள்: ரயில், பஸ்ஸுக்காக விற்பனை வரியை அரை சதவிகிதம் கூட்டலாமா? நூற்றுக்கு 71 பேர் 'சரி' என்றார்கள். அந்தப் பணத்தில் செய்யப்போகிற வேலைகளில் ஒன்று, செபுல்வேடா கணவாய் வழியாக ரயில். அதேதான், 405 போகிற கணவாய்!