பாட்டி தைத்த போர்வை

மாணவர்களே! திருவண்ணாமலையில் கார்த்திகைப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் நிகழும். தேரில் தொங்கி அசையும் தொம்பைகளைக் காண்மின்! பல வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி, வேறு துணிமேல் வைத்துத் தைத்தவை அவை. பத்தாம் நாள் மாலை, 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்பெறும் தீபத்திற்குத் திரியாவதும் காடாத் துணியே.

விழாவிற்கு உறவினர் கூடும் இல்லங்களில் துணி மற்றொரு தொண்டும் புரியும். கார்த்திகைப் பனியினின்று கைக்குழந்தையைக் காப்பது, பாட்டி பழம்புடைவைகளைக் கொண்டு தைத்த போர்வையாகும். அதற்குத் தனி அறையோ தையற்பொறியோ வேண்டுவதில்லை. வெளிச்சமுள்ள திண்ணையும் ஊசியும் நூலும் போதும்.

நைந்த பகுதியை நீக்கி, எஞ்சிய துணியைத் துவைத்து உலர்த்துவர். மூன்று நான்கு அடுக்காக விரிப்பர். ஓரங்களை மடித்து, நெருக்கமாக நூலோட்டித் தைப்பர். அடுக்குகளின் இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் உடற்சூடு விரைவில் வெளியேறாது. அடுக்குகள் விலகாமல் தையல் பிணித்து நிற்கும். பன்முறை துவைத்த பருத்தி மென்மையுற்றிருத்தலின், குழவியின் தோலை உறுத்தாது.

இத்தகைய போர்வையை வங்கத்தார் ‘காந்தா’ என்பர். கன்னடர் ‘கவுதி’ என்பர். வங்க மகளிர் பழம்புடைவைக் கரையினின்று உருவிய நூலைக்கொண்டே தைப்பதும் உண்டு.

கடைப்போர்வை மலிந்த இந்நாளில், இதனைக் கந்தல் என்று இகழ்வாரும் உளர். அன்னையின் புடைவையும் தமக்கையின் பாவாடையும் அதில் ஒன்றாய் இணைந்திருத்தலை அறிந்தவர் இகழார். பாட்டியின் கண்ணொளி மங்குமுன், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்து, அருகமர்ந்து இக்கலையைக் கற்பீராக.