பழைய காரும் புதிய சொந்தக்காரரும்

சனிக்கிழமை காலைகளில் எமது தமிழ்ப் பாடசாலையின் வாகனத் தரிப்பிடத்தை உற்று நோக்குவோர், அங்கு நிற்கும் கார்களுட் பல பத்து வயதைத் தாண்டியவை என்பதை எளிதிற் கண்டுகொள்வர். வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் வகுப்புகள் எனச் செலவுகள் வரிசையில் நிற்கையிற் புதிய கார் வாங்குவது எல்லோர்க்கும் இயல்வதன்று. அத்தகைய காரொன்றை நான் முதன்முதலில் வாங்கியபோது, அதன் பொனற்றைத் திறக்கும் பிடி எங்கிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. என்னைப் போன்றோர்க்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. மாணவர்களுக்கும் இதில் விடயம் உண்டு. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் மனனம் செய்யும் ஓமின் விதி, ஒருநாள் எனக்கு 320 பவுணை மீதப்படுத்தித் தந்தது.

2019ஆம் ஆண்டு மாரிகாலம். பதினான்கு வயதான சிறிய கார். ஒரு காலை திறப்பைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரேயொரு ஒலி, பின்னர் மௌனம். கராஜில் பற்றறி பழையது என்றார்கள். 110 பவுண் கொடுத்துப் புதியது பூட்டினேன். மூன்று வாரம் நன்றாக ஓடிற்று. நான்காம் வாரம் மீண்டும் அதே ‘டக்’. இம்முறை எஞ்சினைச் சுழற்றும் ஸ்ரார்ட்டர் மோட்டாரை மாற்றவேண்டும், 320 பவுண் ஆகும் என்றார்கள். அக்கார் முழுவதையும் விற்றாலும் அதைப்போல் மும்மடங்கு தேறுமோ என்பது ஐயமே. எப்படியோ அன்று எஞ்சின் மனமிரங்கிற்று. மகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு வந்து சேர்ந்தேன். வகுப்பு முடிந்து புறப்படும்போது மறுபடியும் மௌனம்.

இவ்விடத்திற் கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் கிளம்ப மறுக்கும்போது அது எழுப்பும் ஒலியே முதற் சான்று. எஞ்சின் வழமைபோல் விரைவாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிடிற் குறை பெரும்பாலும் எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கும். அப்போது பற்றறியை மாற்றுவதாற் பயனில்லை. ‘கிளிக் கிளிக்’ எனத் தொடராக ஒலித்து விளக்குகளும் மங்கினால், பற்றறி வலுவிழந்துள்ளது, அல்லது அதன் முனைகளில் இணைப்புச் சரியில்லை. விளக்குகள் பிரகாசமாகவே நிற்க ஒரேயொரு ஒலியுடன் அடங்கிவிடின் ஸ்ரார்ட்டரைச் சந்தேகிப்பர். எனது கார் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே கராஜுக்காரரின் ஊகம் அறிவீனமானதன்று. சோதிக்காமல் ஊகித்ததுதான் பிழை.

தரிப்பிடத்தில் என் நிலையைக் கண்ட முதியவர் ஒருவர் அருகில் வந்தார். பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர்; யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார் ஓட்டியவர். “தம்பி, லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்பும், பார்ப்பம்” என்றார். விளக்குகள் மங்கவில்லை. பற்றறி முனைகளைக் கையால் அசைத்துப் பார்த்தார்; இறுக்கமாகவும் துப்புரவாகவும் இருந்தன. “பற்றறி நல்லது. போன மின்சாரம் திரும்பி வர வழியில்லைப் போலை” என்று சொல்லித் தமது காரிலிருந்து ‘ஜம்ப்’ கம்பியை எடுத்து வந்தார். இன்னொரு காருடன் தொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை எனது பற்றறியின் எதிர்முனையிலும், மறுநுனியை அதே காரின் எஞ்சினில் நிறம் பூசாத உலோகப் பகுதியொன்றிலும், சுழலும் பட்டிக்கு அப்பால், கவ்வச் செய்தார். “இப்ப திருப்பும்.” எஞ்சின் உடனே உறுமி எழுந்தது.

நடந்தது என்ன? வீட்டு மின்விளக்கிற்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி உண்டு. காரிலோ பெரும்பாலான கருவிகளுக்கு மின்சாரம் கம்பி வழியாகச் சென்று, காரின் இரும்பு உடலின் வழியாகவே பற்றறியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. ஆனால் எஞ்சின் அவ்வுடலின் மீது இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் உடலையும் தடித்த செப்புப் பட்டியொன்றால் இணைத்திருப்பர். புவித்தொடுப்புப் பட்டி எனலாம். கராஜில் ‘ஏர்த்’ என்பார்கள். பதினான்கு மாரிகளின் உப்புநீர் பட்டு, அப்பட்டியின் அடி துருவேறியிருந்தது.

இனி, மாணவர்களே, கணக்கைப் பாருங்கள். துருவின் தடை 0.05 ஓம் மாத்திரமே எனக் கொள்வோம். எஞ்சினிலுள்ள சிறு கருவியொன்று 1 அம்பியர் மின்னோட்டம் எடுத்தால் அத்தடையில் இழக்கப்படுவது 0.05 வோல்ற்று, எவருக்கும் தெரியாது. ஸ்ரார்ட்டர் மோட்டாருக்கோ நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். 150 அம்பியர் எனின் இழப்பு 7.5 வோல்ற்று. பன்னிரண்டிலே ஏழரை போனால் எஞ்சுவது நான்கரை. எஞ்சினைச் சுழற்ற அது போதாது. முன்விளக்குகளின் மின்சாரம் அப்பட்டி வழியே செல்வதில்லையாதலால் அவை மங்கவில்லை. முதியவரின் கம்பி துருப்பிடித்த பாதைக்குப் பதிலாக ஒரு தற்காலிகப் பாதையைத் தந்தது. மறுநாள் பட்டியின் ஆணியைக் கழற்றி, கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் பளபளக்கத் தேய்த்து மீண்டும் இறுக்கினேன். செலவு ஏறக்குறைய இல்லை. ஸ்ரார்ட்டர் இறுதிவரை மாற்றப்படவில்லை.

ஒரு பக்கத்து விளக்குச் சைகையைப் போடும்போது அதனருகே உள்ள பின்விளக்கும் சேர்ந்து மினுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே நோயே: திரும்பும் வழி கெட்டதால் மின்சாரம் அயல் விளக்கின் வழியாக வழி தேடுகிறது.

பற்றறி முனைகளில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ தூள் படிந்திருந்தால், அப்பச்சோடாவைச் சுடுநீரிற் கரைத்து ஊற்றித் தூரிகையாற் துலக்கலாம். சல்பூரிக்கமிலம் கலந்த பொருளாதலாற் கையுறையும் கண்ணாடியும் அவசியம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். காரணம் உண்டு. எதிர்முனை தொடுத்திருக்கையில் நேர்முனையைக் கழற்றும் ஸ்பனர் தற்செயலாகக் காரின் உடலிற் பட்டால், முழு மின்சாரமும் அந்த ஸ்பனர் வழியே பாயும். அவ்வாறே வேறொரு காரிலிருந்து ‘ஜம்ப்’ கொடுக்கும்போதும் இறுதிக் கறுப்புக் கம்பியைச் செத்த பற்றறியின் முனையிற் கவ்வாமல் எஞ்சின் உலோகத்திற் கவ்வ வேண்டும். பற்றறி ஐதரசன் வாயுவை வெளிவிடக்கூடியது. இறுதி இணைப்பிற் பறக்கும் பொறி அதனருகே ஆகாது.

பத்துப் பவுண் அளவிற்கே ஒரு மின்மானி வாங்கலாம். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பற்றறி 12.6 வோல்ற்றுக் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12 காட்டினால் ஏறக்குறைய வெறுமை. எஞ்சின் ஓடுகையில் பெரும்பாலான பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிடின் மின்னேற்றும் பகுதியிலே குறை. எத்தனை புதிய பற்றறி பூட்டினாலும் அவை ஒவ்வொன்றாகச் சாகும்.

உருகிகளைப் பற்றிச் சுருக்கமாக: 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அறுந்ததற்குப் பதிலாக அதே நிறத்தையே இடவேண்டும். மீண்டும் அறுகிறதே எனப் பெரிய உருகியை இடுவது வீட்டிற்குத் தீவைப்பதற்கு ஒப்பானது; கம்பி கருகும். முன்விளக்கின் ஹலோஜன் மின்குமிழை மாற்றும்போது கண்ணாடியை வெறுங்கையாற் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை சூடேறி அதன் ஆயுளைக் குறைக்கும்.

பலர் அலட்சியம் செய்யும் குறை, காலடியில் விரிப்பு ஈரமாதல். மழை உள்ளே வருகிறது என்று கதவைப் பழிப்போம். முன்கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். இலையுதிர் காலச் சருகுகள் அங்குள்ள வடிகால் துளைகளை அடைத்திருக்கும். தேங்கிய நீர் உள்ளே வழியும். கையால் அள்ளிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கண்ணாடியில் எண்ணெய்ப் பசைபோல் புகைபடிந்து, இனிய வாசமும் எழுந்தால் அது மழைநீரன்று. வெப்பமூட்டியிலிருந்து கசியும் குளிர்த்தி நீர். அந்நீரிற் கலக்கும் கிளைக்கோல் உறையாமற் காப்பது. இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தியதைக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அணுகாவண்ணம் உடனே துடைக்க வேண்டும். சூடான எஞ்சினில் அதன் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். உள்ளே அமுக்கம் இருப்பதாற் நீர் நூறு பாகைக்கு மேலும் கொதியாது நிற்கும். மூடி திறந்த கணத்தில் அது கொதித்து முகத்தில் அடிக்கும்.

இங்கிலாந்தில் மூன்று ஆண்டு கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குச் செல்வதை அறிவீர்கள். 1960இல் இது தொடங்கியபோது பத்து வயதுக் கார்களுக்கே உரியதாக இருந்தது. 1967இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. எரியாத மின்குமிழ், கிழிந்த வைப்பர், தேய்ந்த ரயர் ஆகிய அற்பக் காரணங்களுக்காகவே பல கார்கள் தவறுகின்றன. முதல் நாள் மாலை ஒருவரைப் பின்னால் நிறுத்தி விளக்குகளைப் பார்க்கச் சொன்னாலே போதும். என் மகள் இப்பணியைக் கண்டிப்பான பரிசோதகர் போலச் செய்வாள். ரயரின் தவாளிப்பு, அகலத்தின் நடு முக்காற் பங்கில் சுற்றளவு முழுதும் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இருபது பென்ஸ் நாணயத்தைத் தவாளிப்பிற் செருகுங்கள். அதன் வெளிவிளிம்பு தெரிந்தால் ரயரை உடனே அளந்து பார்க்க வேண்டும். ஒரு ரயருக்கு 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும் விதிக்கப்படலாம். பழைய கார் வாங்க நினைப்போர்க்கு இன்னொன்று: ஒரு காரின் முந்தைய பரிசோதனை முடிவுகளை அதன் இலக்கத்தைக் கொண்டு அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பரிசோதகர் ஆண்டுதோறும் “துரு காணப்படுகிறது” என்று எழுதிய காரை “நல்ல நிலை” என விற்பவரிடம் வாங்காது தப்பலாம். நான் வாங்கியபோது இதைப் பார்க்கவில்லை.

நூல் வேண்டுவோர்க்கு ஹெயின்ஸ் கைநூல்கள் உண்டு. ஜோன் ஹெயின்ஸ் என்பார் 1960களில் தொடங்கிய இந்நூல்வரிசைக்காக ஒவ்வொரு காரையும் முழுமையாகப் பிரித்து மீளப் பூட்டியே எழுதினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்பனர் படங்கள் இட்டுக் கடினத்தைக் காட்டியிருப்பர். ஒரு ஸ்பனர் வேலை நம்முடையது. ஐந்து ஸ்பனர் வேலை கராஜுக்குரியது. புதிய கார்களுக்கு அச்சு நூல் வெளியிடுவதை 2020இல் நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டது எனினும் பழைய கார்க்காரருக்கு அது இழப்பன்று. நமது கார்களுக்கு நூல் ஏற்கெனவே உண்டு.

அம்முதியவரிடம் பின்னர் பேசியபோது, 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையின்கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், கார்பரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை நினைவுகூர்ந்தார். அக்கால ஒஸ்ரினும் மொறிஸும் அதைத் தாங்கின. இக்காலத்து எஞ்சின்கள் தாங்கமாட்டா. எவரும் முயல வேண்டாம். “அப்ப நோட்டு இருந்தாலும் சாமான் இல்லை. அதாலை ஒரு பொருளை மாத்த முந்தி, அது உண்மையிலை பழுதோ எண்டு பார்ப்பம்” என்றார்.

நாம் தொடக்கூடாதவையும் உண்டு. ஜக்கில் மாத்திரம் தூக்கிய காரின் கீழ் உடலைச் செலுத்தலாகாது. உறுதியான தாங்கிகள் இன்றி ஒருவரும் படுக்க வேண்டாம். காற்றுப் பைகள், சுருள்வில்கள், பிறேக் ஆகியவை பயின்றவர்க்குரியன. ஹைபிரிட் கார்களிற் செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தத்துக்குரியவை. அவற்றின் அருகே கைவைக்காதீர்கள்.

எனது கார் 2023இல் பிறேக் குழாய்களிற் துரு ஏறிப் பரிசோதனையிற் தவறியது. திருத்தச் செலவு காரின் பெறுமதியை மிஞ்சியதாற் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது நிற்பதும் பதினொரு வயதுக் கார்தான். அதன் பின்பெட்டியில் ஒரு கம்பித் தூரிகை, 10 மில்லிமீற்றர் ஸ்பனர், மின்மானி, ‘ஜம்ப்’ கம்பி ஆகியன இருக்கின்றன. சனிக்கிழமைகளில் எவருக்கேனும் வேண்டுமாயின் தேநீர் மேசையருகே கேட்கலாம்.