ஃபிளஷ் சரியாகப் போகவில்லையா? தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள்

இரண்டு முறை அழுத்தினாலும் போகவில்லை, தண்ணீர் விளிம்புவரை ஏறி மெல்ல இறங்குகிறது என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கடைக்குப் போய் ஆசிட் வாங்கி ஊற்றுவோம். அதற்கும் மசியாவிட்டால் யாராவது 'ஆளை'க் கூப்பிடுவோம். முன்னது நுரையீரலுக்கு ஆபத்து. பின்னது ஓர் உயிரையே வாங்கலாம், கூப்பிட்டவரைச் சிறைக்கும் அனுப்பலாம்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் பேசினுக்குள் ஊற்றினால் போதும். சட்டென்று போய்விட்டால் குழாயில் அடைப்பு இல்லை, குறை ஃபிளஷ் டேங்கில் இருக்கிறது. மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் உள்ளே போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே நின்றால் மிதவையைக் கொஞ்சம் உயர்த்திவிடலாம். மட்டம் சரியாக இருந்தும் சந்தேகமா? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு சொட்டு டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசினில் நீலம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. விலை அதிகமில்லை, மாற்றிவிடலாம்.

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. வெஸ்டர்ன் பேசினின் விளிம்புக்கு அடியில் வரிசையாக இருக்கும் துளைகளை உப்பு அடைத்துக்கொள்ளும். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை அடியில் காட்டினால் வெள்ளையாகப் படிந்திருப்பது தெரியும். வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்க அங்கே செருகி வைத்துவிட்டு, காலையில் மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.

வாளித் தண்ணீரும் போகாமல் நின்றால் அடைப்புதான். அந்தக் கழிப்பறையில் மட்டும் என்றால், பேசினுக்கு அடியில் உள்ள வளைவில் நாப்கினோ ஈரத் துடைப்பானோ சிக்கியிருக்கும். பிளஞ்சர் அல்லது பிளம்பர் வைத்திருக்கும் ஸ்பிரிங் கம்பி வேலையை முடித்துவிடும். பாத்ரூம் தரையிலுள்ள ஜல்லடையிலும் 'களக் களக்' என்று குமிழி வந்தால் வெளியே உள்ள சேம்பரைத் திறந்து பாருங்கள். மாடியில் நிற்கும் காற்றுக்குழாயின் வாயையும் பாருங்கள். குருவிக் கூடு அடைத்தாலும் ஃபிளஷ் மந்தமாகும்.

ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய கழிப்பறையில் அது விஷம். செப்டிக் டேங்கில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிரிகளையும் ஆசிட் கொன்றுவிடுகிறது.

குறை செப்டிக் டேங்கில் என்றால்தான் மிகுந்த கவனம் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். நம் ஊரில் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு திறக்கப்படாத தொட்டிகள் ஏராளம். சிலர் மூடியின் மேல் டைல்ஸே ஒட்டிவிடுகிறார்கள்! உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் மிக மோசமானது. மயங்கியவரைத் தூக்கப் போனவரும் அதே வாயுவில் விழுகிறார்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய யாரையும் அமர்த்தக் கூடாது என்கிறது 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம். இது நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வர இயலாத பிரிவு. 'அவராகத்தான் இறங்கினார்' என்ற பேச்சு எடுபடாது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

கசடு எடுக்க 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். லாரி வந்தால் உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள்.

செலவு யாருடையது என்ற சண்டை வாடகை வீடுகளில் வழக்கம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்ட அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கழிப்பறைப் பழுதும் சாக்கடை அடைப்பும் குடியிருப்பவர் பொறுப்பு. குழாய்களையே மாற்ற வேண்டியிருந்தால் வீட்டு உரிமையாளர் பொறுப்பு.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான புதிய ஃபிளாட்டில் குழாயின் சரிவே தப்பு என்று பிளம்பர் சொன்னால் நீங்கள் செலவழிக்க வேண்டாம். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் வேலைக் குறையைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்தாக வேண்டும். வாயால் சொல்லாமல், புகைப்படத்தோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள்.