தாடையை எடுப்பதா, விடுவதா?

வாய்ப்புற்று எலும்பை ஒட்டி வளர்ந்தால் தாடையும் சேர்ந்து போகும். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் அறுவை அரங்கின் வழக்கம் இதுதான். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டின் பரவலாக்கிய ‘கமாண்டோ’ அறுவையில் கட்டி, தாடையின் ஒரு பகுதி, கழுத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாம் ஒரே துண்டாக வெளியே வந்தன. எலும்பில் நோய் தெரியாதபோதும் வெட்டினார்கள். வாயின் நிணநாளங்கள் தாடையின் எலும்புறை வழியாகக் கழுத்துக்கு இறங்குகின்றன என்று நம்பினார்கள். முன்தாடையை இழந்தவருக்கு எச்சில் வழியும், பேச்சு குழறும், மெல்ல முடியாது.

1960, 70களில் அமெரிக்காவில் மார்செட்டா குழுவினரின் ஆய்வுகள் இந்த நம்பிக்கையை உடைத்தன. கட்டிக்கும் எலும்புக்கும் நடுவே நல்ல திசு இருந்தால் எலும்புறையில் நோய் இல்லை. பிறகு கிளாஸ்கோவில் மெக்ரெகரும் மெக்டொனால்டும், பல் இல்லாத தாடையில் ஈறுமேட்டின் வழியாகவே புற்று பெரும்பாலும் உள்ளே இறங்குகிறது என்று காட்டினர்.

இன்று கேள்வி மாறிவிட்டது: எவ்வளவு எலும்பை விட்டுவைக்கலாம்? ஓபிஜி எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே படம் மட்டும் போதாது. சுமார் 30 சதவீதத் தாது கரைந்த பிறகே அதில் அரிப்பு தெரியும். சிடி ஸ்கேன் எலும்பின் மேலோட்டையும் எம்ஆர்ஐ மஜ்ஜையையும் காட்டும். ஆனால் சொத்தைப் பல்லின் அழற்சியையும் எம்ஆர்ஐ புற்றாகக் காட்டக்கூடும். வெட்டிய எலும்பை நுண்ணோக்கியில் பார்க்கும் முன் அதன் சுண்ணத்தைக் கரைக்க நாள்கள் பிடிப்பதால், அறுவை மேசையில் நோயாளி இருக்கும்போதே முழு விடையும் கிடைக்காது. ஆகவே எலும்புறையை உரித்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவி முடிவெடுக்கும் பழைய திறமைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நோய் எலும்பின் மேலோட்டோடு நின்றால் விளிம்பை மட்டும் செதுக்கலாம். கீழே சுமார் 1 செ.மீ. எலும்பு நிற்க வேண்டும். பல் விழுந்து தேய்ந்த தாடையிலும் கதிர்வீச்சு பெற்ற தாடையிலும் அது முறியும் ஆபத்து அதிகம். முழுத்துண்டு எடுத்தே ஆகவேண்டுமென்றால், 1989இல் ஹிடால்கோ விவரித்த முறையில் காலின் சிற்றெலும்பைக் கொண்டு தாடை கட்டலாம்.

வெற்றிலை, புகையிலை பழக்கமுள்ளவருக்கு ஈறில் இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கீழுதட்டில் மரமரப்பு இருந்தால் பல்லைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. புண்ணிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதே முதல் வேலை.