இறையாற்றலும் மனித வலிமையும்: கிறித்துவ நோக்கு

முன்னுரை

வலிமை என்பது அளந்தறியத்தக்க ஒன்று என்பதே உலகியல் வழக்காகும். திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், ஒரு செயலில் இறங்கும் அரசன் அச்செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, இருபுறமும் துணைநிற்போரின் வலிமை ஆகிய நான்கினையும் சீர்தூக்க வேண்டும் என அறிவுறுத்துகிறது. ஆட்சிக்கு இவ்வளவை இன்றியமையாதது. ஆயின் இக்கணக்கு பொய்த்துப்போகும் நிகழ்ச்சிகளை விவிலியம் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கிறது. அவ்வாறாயின் இறையாற்றல் என்பது மனித வலிமையின் பன்மடங்கா, அன்றி வேறு வகையினதா? இவ்வினாவிற்குக் கிறித்துவ மரபு தரும் விடையை மூன்று சான்றுகளின்வழி இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

குறைக்கப்பட்ட படை

முதற்சான்று பழைய ஏற்பாட்டின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் கிதியோன் வரலாறாகும். மீதியானியரை எதிர்க்க அவன் திரட்டிய படையினர் 32,000 பேர். பகைப்படையோ 1,35,000 பேரைக் கொண்டது என்பது அந்நூல் தரும் எண்ணிக்கையிலிருந்து பெறப்படுகிறது. நான்கில் ஒரு பங்கும் இல்லாத இப்படைக்கு மேலும் ஆள் சேர்ப்பதே போர்முறை. இறைவனின் கட்டளையோ படையைக் குறைக்கச் சொல்கிறது. அஞ்சியவர்கள் 22,000 பேர் வீடு திரும்புகின்றனர். எஞ்சிய 10,000 பேருள் நீர்நிலையில் நிகழ்ந்த சோதனைக்குப்பின் 300 பேரே நிறுத்தப்படுகின்றனர்.

இக்குறைப்பிற்கான காரணத்தை அந்நூலே தெளிவுறுத்துகிறது. தம் கைவலிமையே தம்மைக் காத்தது என மக்கள் செருக்குறலாகாது என்பதே அது. 300 பேரின் கைகளிலும் இருந்தவை எக்காளங்களும், உள்ளே தீவட்டி வைத்த வெறும் மண்பாண்டங்களுமே. நள்ளிரவில் பாண்டங்கள் உடைந்து ஒளி வெளிப்படவே, பகைவர் கலங்கித் தம்முள் ஒருவரையொருவர் வெட்டி வீழ்ந்தனர். பாண்டம் உடைந்த பின்னரே ஒளி புலனாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

கொரிந்து நகரில் எழுந்த சிக்கல்

இரண்டாம் சான்று, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபமாகும். கி.மு. 146-இல் உரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் சூலியசு சீசரால் மீண்டும் குடியேற்றம் பெற்ற நகரம் கொரிந்து. இருபுறத்துத் துறைமுகங்களால் செல்வம் கொழித்த அந்நகரில் நாவன்மை பெருமதிப்புப் பெற்றிருந்தது. அவ்வுலகியல் மதிப்பீடே அங்கிருந்த சிறிய திருச்சபையினுள்ளும் புகுந்தது. பவுலைச் சார்ந்தோர், அப்பொல்லோவைச் சார்ந்தோர், கேபாவைச் சார்ந்தோர் எனச் சபை பிளவுண்டது. பொதுவிருந்தில் வசதியுடையோர் முந்தி உண்டு நிறைய, ஏழைகள் பசித்திருந்து நாணமுற்றனர். அறிவும் வலிமையும் பெருமைக்குரிய உடைமைகளாகும்பொழுது எளியோர் இழிவுபடுத்தப்படுகின்றனர் என்பதற்கு இது கண்கூடான சான்றாகும்.

இந்நிலைக்கு மறுமொழியாகவே பவுல் சிலுவையை முன்வைக்கிறார். சிலுவை மரணம் அக்காலத்தில் பெரும்பாலும் அடிமைகளுக்கும் கிளர்ச்சியாளருக்கும் விதிக்கப்பட்ட தண்டனையாகும். அறிவு தேடிய கிரேக்கருக்கு அது பேதைமை. அடையாளம் தேடிய யூதருக்கு அது இடறல். எனினும் இறைவனின் ஆற்றலும் ஞானமும் அங்கேயே வெளிப்பட்டன என்பது பவுலின் வாதம். மாந்தர் கண்ணுக்குக் குறைவாகத் தோன்றும் இறைச்செயலும் மாந்தரின் நிறைவைக் கடந்து நிற்கிறது என்பதே அதன் சாரமாகும். எனவே இறையாற்றல் மனித வலிமையோடு ஒரே தராசில் நிறுக்கத்தக்கதன்று. அது வேறு வகையினது. அடக்கி வெல்வது ஒன்று. தன்னைத் தந்து மீட்பது மற்றொன்று.

தேம்பாவணியின் தலைவன்

மூன்றாம் சான்று தமிழிலேயே உள்ளது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணம். நாட்டுப் படலம், நகரப் படலம் எனக் காப்பிய மரபினைப் பேணிய முனிவர், தலைவனாகத் தேர்ந்தது வளன் எனப்பெறும் சூசையப்பரை. தாவீது அரசனின் வழித்தோன்றலாயினும் அவர் தச்சுத் தொழிலால் வாழ்ந்தவர். அரசும் படையும் அற்றவர்.

கொடுங்கோலன் ஏரோதுக்குத் தப்பிக் குழந்தையுடன் எகிப்துக்குச் செல்லும் அப்பயணப் பகுதியில்தான் சோசுவன் வெற்றிப் படலமும் சேதையோன் வெற்றிப் படலமும் அமைகின்றன. சேதையோன் என்பது கிதியோனுக்கு முனிவர் இட்ட தமிழ் வடிவமாகும். வெற்றிக் கதைகள், புலம்பெயர்ந்து செல்லும் எளிய குடும்பத்தின் வழிநடையோடு இணைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. உண்மையில் வலியவர் யாவர் என்ற வினாவை இவ்வமைப்பே எழுப்பி நிற்கிறது எனலாம்.

மனித முயற்சியின் இடம்

இக்கோட்பாடு மனித அறிவையும் உழைப்பையும் இகழ்கிறதோ என்னும் ஐயம் எழலாம். சான்றுகள் அவ்வாறு காட்டவில்லை. கிதியோன் தன் 300 பேரை மூன்று அணிகளாகப் பிரித்து, காவலர் மாறிய வேளையைத் தேர்ந்தே தாக்கினான். பவுல் கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்து வாழ்ந்தார். வீரமாமுனிவர் தமிழிலக்கணம் முறையாகக் கற்று, சதுரகராதி முதலிய நூல்களை அரிதின் முயன்று இயற்றினார். இவர்களுள் எவரும் முயற்சியைக் கைவிட்டவரல்லர். ஆகவே விலக்கப்படுவது வலிமையன்று, வலிமை பற்றிய செருக்கே என நாம் கொள்ளலாம். பவுல் தம்மைப் போன்றோரை அரும்பொருள் வைக்கப்பட்ட மண்பாண்டத்திற்கு ஒப்பிடுவதும் இக்கருத்தினதே. பாண்டம் வேண்டுவதே, ஆயின் அதுவே அரும்பொருளாகிவிடாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கிறித்துவ நம்பிக்கையில் இறையாற்றல் மனித வலிமைக்குப் போட்டியாக நிற்பதன்று என்பதும், வலிமையை எதன் பொருட்டுப் பயன்படுத்துகிறோம் என வினவும் அளவுகோலாக விளங்குகிறது என்பதும் புலனாகின்றன. கொரிந்துச் சபையின் விருந்தில் பசித்திருந்த ஏழையை நினைவிற்கொண்டால், இவ்வினா வெறும் இறையியல் வினாவன்று, சமூக அறம் சார்ந்த வினாவும் ஆகும் என்பது தெளிவாகும். கற்றோர் அவையிலாயினும் வழிபாட்டு அவையிலாயினும், அறிவும் ஆற்றலும் எளியோரை நாணச் செய்கின்றனவா, தாங்கி நிற்கின்றனவா என ஆராய்வது நம் அனைவருக்கும் உரிய கடனாகும்.