குதி உயர்ந்த காலணியும் முதுகுவலியும்

பெருநகரங்களின் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வரவேற்புக் கூடங்களிலும் நாள் முழுவதும் நின்று பணிபுரியும் மாதர் பலர், மாலையில் வீடு திரும்பியதும் முதலில் செய்யும் காரியம் காலணியைக் கழற்றி வைப்பதேயாகும். அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, "எல்லாம் அந்த உயரச் செருப்பினால் வந்த வினை" என்று வீட்டுப் பெரியோர் கூறுவதும் வழக்கம். கடைகளில் ‘ஹை ஹீல்ஸ்’ என வழங்கும் குதி உயர்ந்த காலணி முதுகுவலியை உண்டாக்குகின்றதா? அல்லது முன்னரே உள்ள வலியை மிகுவிக்கின்றதா? கேள்வி எளிதாகத் தோன்றினும் விடை அத்துணை எளிதன்று. காரணத்தைத் தவறாகக் கணித்தால் இரு தீங்குகள் விளையும். மருத்துவர் கவனிக்க வேண்டிய நோய் காலணியின் பெயரால் மறைந்துபோகும்; மாற்ற வேண்டிய வேலைமுறை மாறாமலே நின்றுவிடும்.

இது சிறு தொல்லையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் வருந்தியோர் சுமார் 61.9 கோடி பேர். 2050ஆம் ஆண்டில் இத்தொகை 84.3 கோடியாக உயரக்கூடும். இவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பின் பழுது, இன்ன நோய் எனத் தனித்துக் காட்டத்தக்க காரணம் எதுவும் புலப்படுவதில்லை. காரணம் புலப்படாத இடத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளின்மேல் பழி விழுவது இயல்பு. குதி உயர்ந்த காலணி அவ்வாறு கண்ணுக்குத் தெரியும் பொருளாகும்.

பழமையான ஐயம்

உயர்ந்த குதி ஆதியில் மாதருக்கென ஏற்பட்டதன்று. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் பாதம் வழுவாது நிற்கும்பொருட்டுக் குதி வைத்த காலணியை அணிந்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதனை நாகரிகமாக மேற்கொண்டனர். பிரான்ஸ் தேசத்து மன்னர் 14ஆம் லூயி சிவப்புக் குதியுள்ள காலணியுடன் காட்சி தரும் ஓவியம் பிரசித்தமானது. பின்னரே அது பெரும்பாலும் மாதரின் அணியாயிற்று. அதனால் உடலுக்குத் தீங்கு நேருமா என்ற ஐயமும் பழமையானதே. டச்சு உடற்கூற்று நிபுணர் பெட்ரஸ் காம்ப்பர், காலணியின் தகுந்த வடிவத்தைப் பற்றி 1781ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார்.

கம்பத்தின் கணக்கும் உடலின் கணக்கும்

காலணியைக் குறை கூறுவோர் சொல்லும் நியாயம் பின்வருமாறு: குதிகால் உயர்ந்தால் உடல் முன்புறம் சாயும், விழாமலிருக்க முதுகைப் பின்புறம் வளைக்க வேண்டும், அதனால் இடுப்பு வளைவு அதிகமாகி வலி உண்டாகும்.

இந்நியாயத்தைக் கணக்கால் சோதிக்கலாம். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே காலணியின் சரிவு 15 செ.மீ. நீளமுடையது என்றும், குதி முன்பாதத்தைவிட 7.5 செ.மீ. உயர்ந்துள்ளது என்றும் கொள்வோம். உயரம் சரிவு நீளத்தில் பாதியாதலால் சரிவின் கோணம் 30 பாகையாகும். உடல், பாதத்தின்மேல் செங்குத்தாக அறையப்பட்ட மரக்கம்பமாயின், அதுவும் 30 பாகை முன்னே சாய வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் தலை அப்போது 75 செ.மீ. முன்னே நிற்கும். அத்தகைய சாய்வை முதுகினால் ஈடு செய்வது இயலாத காரியம். ஆயினும் அக்காலணியை அணிந்தோர் நிமிர்ந்தே நடக்கின்றனர்.

காரணம், உடல் கம்பமன்று. அடியிலேயே கணுக்கால் என்னும் கீல் அமைந்துள்ளது. பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டும் திசையில் அக்கீல் ஏறத்தாழ 40 முதல் 50 பாகை வரை அசையக்கூடியது. ஆகவே சரிவின் பெரும்பகுதி கணுக்காலிலேயே ஈடு செய்யப்பட்டுவிடுகின்றது. எஞ்சிய சிறுபகுதியை முழங்காலும் இடுப்பு மூட்டும் முதுகெலும்பும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அப்பகிர்வு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அளவைகளும் இதனையே உணர்த்துகின்றன. உயர்ந்த குதியில் நிற்கும்போது இடுப்பு வளைவு மிகும் என்பதே பொதுநம்பிக்கை. ஆனால் 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில் அவ்வளைவு சற்றுத் தட்டையானதாகவே காணப்பட்டது. பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் சிலவற்றில் அது குறைந்தது, சிலவற்றில் மாறவில்லை, சிலருக்கு மட்டும் மிகுந்தது. எனவே ‘குதி உயர்ந்தால் வளைவு மிகும், வளைவு மிகுந்தால் வலி வரும்’ என்ற சங்கிலியின் முதற் கண்ணியே உறுதியற்றதாக இருக்கின்றது.

மெய்யாகவே மாறுவன எவை?

இதனால் இக்காலணி தீங்கற்றது என்று முடிவு செய்துவிடலாகாது. உடலின் மாறுதல்கள் முதுகைவிடக் கால்களில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, கெண்டைக்கால் தசை. குறைந்தது 5 செ.மீ. குதியுள்ள காலணியை வாரத்தில் ஐந்து முறையேனும், இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் அணிந்துவந்த பெண்களை ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் பரிசோதித்து 2010ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுடைய கெண்டைக்கால் தசை நார்கள் மற்றவரின் நார்களைவிடச் சுமார் 13 சதவீதம் குறுகியிருந்தன. குதிநாண் விறைப்பாக இருந்தது. கணுக்காலின் அசைவெல்லையும் சுருங்கியிருந்தது. நெடுநாள் பழகியவர் திடீரெனத் தட்டையான செருப்புக்கு மாறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இரண்டாவது, முழங்கால். 1998ஆம் ஆண்டில் நலமுள்ள 20 பெண்களை நடக்கச் செய்து அளந்தபோது, உயர்ந்த குதியுடன் நடக்கையில் முழங்கால் மூட்டின்மீது விழும் விசை அதிகரித்தமை தெரிந்தது. எனினும் அதனால் மூட்டுத் தேய்வு உண்டாகின்றது என்பது பின்னரும் நிலைநாட்டப்படவில்லை.

மூன்றாவது, கணுக்காலும் பாதமும். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு 2002 முதல் 2012 வரை இக்காலணி தொடர்பான காயங்களுடன் வந்தோர் சுமார் 1,23,000 பேர் என மதிப்பிடப்பட்டது. அக்காயங்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை கணுக்காலிலும் பாதத்திலும் நேர்ந்தவை. உடலின் நடுப்பகுதியில் நேர்ந்தவை மிகச் சொற்பமே.

முதுகைப் பொறுத்தமட்டில், 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், குதியின் உயரம் கூடக்கூட நடக்கும்போது கீழ்முதுகுத் தசைகளின் மின் இயக்கமும் கூடியது. அதாவது, நிமிர்ந்து நிற்கவும் நடக்கவும் அத்தசைகள் சற்றுக் கூடுதலாக உழைக்கின்றன. உழைப்பு வேறு, நோய் வேறு. எனினும் முன்னரே வலியுள்ள முதுகுக்குக் கூடுதல் உழைப்பு உவப்பாக இராது என்பது பொருத்தமான ஊகமே.

கேட்டறிவதில் உள்ள இடர்

‘இக்காலணி அணிவோரையும் அணியாதோரையும் கேட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படுமே’ என்று தோன்றலாம். அதில் இரு இடர்கள் உள்ளன. உயர்ந்த குதியைத் தினமும் அணிவோர் பலர், மணிக்கணக்கில் நின்று வேலை செய்வோராவர். நெடுநேரம் நிற்பதே முதுகை நோகச் செய்யக்கூடியதாதலின், குற்றம் காலணியுடையதா, நிற்பதுடையதா எனப் பிரித்தறிவது கடினம். மற்றொன்று, முதுகுவலி வந்தவர் தாமாகவே தட்டையான செருப்புக்கு மாறிவிடுவர். அவர்களை மாறிய பின்னர் எண்ணினால், தட்டையான செருப்பே வலிக்குக் காரணம் என்ற விபரீத முடிவு கிட்டும்.

2016ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, கால் பெருவிரல் கோணுதல், தசை-எலும்பு வலிகள், அணிபவருக்கு நேரும் காயங்கள் ஆகியவற்றுக்கும் இக்காலணிக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டது. தொடர்பு உண்டு என்பதும் அதுவே காரணம் என்பதும் ஒன்றல்ல. ஆதலின் இன்றைய நிலையில் சொல்லத்தக்க விடை இதுவே: குதி உயர்ந்த காலணி மட்டுமே முதுகுவலியைத் தோற்றுவிக்கும் என்பது நிறுவப்படவில்லை, உள்ள வலியைச் சிலருக்கு அது மிகுவிக்கக்கூடும், பாதத்துக்கும் கணுக்காலுக்கும் அதனால் வரும் தீங்கோ ஐயத்துக்கு இடமற்றது.

தேர்வு யாருடையது?

விழாவுக்கு ஒரு நாள் விரும்பி அணிவது வேறு. வேலைக்காக எட்டு மணி நேரம் கட்டாயத்தின்பேரில் அணிவது வேறு. பிலிப்பைன்ஸ் அரசின் தொழிலாளர் துறை 2017ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. பணியில் அணியும் காலணி விரல்களை நெருக்காமலும் வழுக்காமலும் இருக்க வேண்டும் என்றும், குதி அகன்றதாகவும் ஓர் அங்குலத்துக்கு மேற்படாததாகவும் அமைய வேண்டும் என்றும் அது விதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் அதே ஆண்டில் உயர்ந்த குதியைக் கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது. நம் நாட்டில் கேரளம் 2018ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும், கடை ஊழியர் உட்காருவதற்கு வசதி செய்து தர வேண்டுமெனச் சட்டத்தைத் திருத்தின. காலணியைப் பற்றிப் பேசாவிடினும், முதுகின் நலத்துக்கு இத்திருத்தங்கள் ஆற்றும் உதவி பெரிதாகும்.

களப்பணியாளர் கவனத்துக்கு

முதுகுவலியென வரும் பெண்ணிடம் காலணியைப் பற்றிக் கேட்பது தகும். அத்துடன் நின்றுவிடுவது தகாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காலில் வலுவிழப்பு, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்னர்ப் புற்றுநோய் இருந்தமை, விழுந்து அடிபட்ட பின் தோன்றிய வலி ஆகிய இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ‘செருப்பை மாற்றினால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் மொழி அப்போது பெருந்தீங்காக முடியும்.

இவ்வறிகுறிகள் இல்லாதோர் படுத்தே கிடப்பது நல்லதன்று; இயன்ற அளவு நடமாடுதலும் உடற்பயிற்சியும் நலம் தரும். நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்புப்பட்டை அணிவதை உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை பரிந்துரைக்கவில்லை. குதி உயர்ந்த காலணியை இரண்டு வாரம் தவிர்த்து, வலி குறைகின்றதா எனத் தாமே கவனிக்கச் சொல்லலாம். நெடுநாள் அணிந்தவராயின், உயரத்தைப் படிப்படியாகக் குறைத்து, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியையும் செய்துவரல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதாக விளக்கலாம். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதனருகே ஒரு மாணவரைப் பக்கவாட்டில் நிறுத்துக. காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் காகிதத்துண்டுகளை ஒட்டி, நூலிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் குறிக்க. பின்னர்க் குதிகால்களின்கீழ் 5 செ.மீ. கனமுள்ள, வழுக்காத பலகையை வைத்து மீண்டும் அளக்க. பத்துப் பேரை அளந்தால், ஒருவர் முழங்காலை மடக்குவதும், மற்றொருவர் இடுப்பைப் பின்தள்ளுவதும், வேறொருவர் கணுக்காலாலேயே சமாளிப்பதும் தெரியவரும். ஒருவரை மட்டும் அளந்து உலகுக்கே விதி வகுத்தல் ஆகாது என்னும் பாடத்தை, அப்பத்துப் பேரின் அளவுகளே மாணவர்க்கு உணர்த்திவிடும்.