ஒளியும் நிழலும்: ஓவியம் பழகும் பிள்ளைகளுக்கு



பிள்ளை காகிதத்தில் ஏதாவது வரைந்துகொண்டிருந்தால், "படிக்கிற நேரத்தில் என்ன கிறுக்கல்?" என்று பென்சிலைப் பிடுங்கிவிடும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. ஓவியத்தை வெறும் விளையாட்டு என்று எண்ணுவதால் வருவது இது. உண்மையில் அது கண்ணுக்குத் தரும் பயிற்சி. மரப்பட்டையின் கனத்தைக் கண்ணால் அளந்து, மரத்திற்குக் காயம் படாமல் கத்தி பிடிக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கண் பழகினால்தான் கை பழகும்.

பால் மங்கு ஒன்றை வரையச் சொன்னால், பிள்ளைகள் பெரும்பாலும் அதன் வாயை முழு வட்டமாகப் போட்டுவிடுகிறார்கள். அது வட்டம் என்பது அவர்களுக்குத் தெரியுமல்லவா? ஆனால், அதே மங்கு மேசைமேல் இருக்கும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வாய் நீள்வட்டமாகத் தோன்றும். கண்மட்டத்திற்கு உயர்த்தினால், நீள்வட்டம் ஒடுங்கி ஒரு கோடு போலாகிவிடும். ஆகவே, தெரிந்ததை வரையக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை வரைய வேண்டும். இதுவே முதல் பாடம்.

இனி நிழல் தீட்டுவதைப் பார்ப்போம். இதற்கு 2 பி பென்சில் ஒன்று போதும். பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அன்று. கிராஃபைட் என்னும் கரிப்பொருளும் களிமண்ணும் கலந்த கலவை. இந்த முறையை 1795ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நிக்கோலா ஜாக் கோன்டே கண்டறிந்தார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். அது எச் வகை. களிமண் குறைந்தால் மென்மையாகும், கோடு கறுக்கும்; அது பி வகை.

முதலில் காகிதத்தில் வரிசையாக 5 கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தை வெள்ளையாக விட்டுவிடுங்கள். கடைசிக் கட்டத்தை நன்றாகக் கறுப்பாக்குங்கள். இடையிலுள்ள மூன்றையும் படிப்படியாகக் கருமை ஏற்றுங்கள். ஒரே அழுத்தத்தில் தேய்க்காமல், நெருக்கமான சாய்கோடுகளை இழுங்கள். மேலும் கருமை வேண்டுமானால், அவற்றின் குறுக்கே இன்னொரு வரிசைக் கோடுகளைப் போடுங்கள்.

பிறகு, வெள்ளைக் காகிதத்தின்மேல் ஒரு கோழி முட்டையைச் சன்னலோரம் வையுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், ஒளி ஒரு பக்கமிருந்து மட்டும் வரட்டும். கண்களைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். ஐந்து பகுதிகள் தெரியும். ஒளி நேராகப் படும் இடம் மிக வெளுப்பாக இருக்கும். அங்கே பென்சில் படக் கூடாது. அடுத்து மெல்ல மங்கும் பகுதி. மூன்றாவது, ஒளி எட்டாத கரும்பகுதி. நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கருமையைத் தாண்டி, முட்டையின் விளிம்பையொட்டி மெல்லிய வெளிச்சம் ஒன்று இருக்கும். கீழே உள்ள வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பிய ஒளி அது. ஐந்தாவது, காகிதத்தின்மேல் விழும் நிழல். முட்டையின் அடியில் அது மிகக் கறுப்பாக இருக்கும். விலக விலக வெளிறும்.

இந்த ஐந்தையும் தீட்டிவிட்டால், தட்டையாக இருந்த உருவம் உருண்டு திரண்டு நிற்கும். கோடுகளை முட்டையின் வளைவோடு சேர்த்து வளைத்து இழுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், வியர்வை பட்டுக் காகிதம் அழுக்காகும். வரையும் கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அறிவியல் பாடத்தில் இலையையோ பூவையோ வரையும்போது நிழல் தீட்டக் கூடாது. அங்கே தெளிவான கோடுகளே வேண்டும். ஆனால், உற்றுப் பார்க்கும் பழக்கம் இரண்டிற்கும் ஒன்றே.

பெற்றோர்களே, பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டினால், "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை மீண்டும் ஒருமுறை முட்டையைப் போய்ப் பார்க்கும். அந்தப் பார்வைதான் கல்வி.